கட்டபெட்டுக் காற்றும் கழுவிய இறக்கையும்

வெள்ளிக்கிழமை, காலை 5.50. கோவை, மேட்டுப்பாளையம் ரோடு பஸ் ஸ்டாண்டு. ஆயுத பூஜையும் விஜயதசமியும் முடிந்த மறுநாள். நிற்கிற பஸ் எல்லாவற்றுக்கும் நெற்றியில் சந்தனம், முகப்பில் வாழைக்கன்று, சக்கரத்தடியில் நசுங்கிய எலுமிச்சம்பழம். என்னிடம் இரண்டு பெட்டிகள். ஒன்றில் துணிமணி. மற்றதில் ஒரு சின்ன கேமரா, அதைக் காற்றாலையின் நடுவில் பூட்டுவதற்கான இரும்புப் பிடி, காற்றின் வேகம் பார்க்கும் கருவி. இரண்டாவது பெட்டிக்கு லக்கேஜ் போட வேண்டும் என்றார் கண்டக்டர். உள்ளே என்ன என்று கேட்டார். காற்றை அளக்கிற சாமான் என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு முப்பது ரூபாய்க்குச் சீட்டுக் கிழித்தார்.

நீலகிரிக்குப் போய்ப் படகில் ஏறி, வர்க்கி வாங்கி வந்தவர்கள் எழுதிய கட்டுரைகள் நிறைய இருக்கின்றன. நான் போனது அழுக்கைப் பார்க்க. ஒரு காற்றாலை இறக்கையின் மேல் இரண்டு வருடமாகப் படிந்திருந்த அழுக்கு. சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளலாம், எங்கள் வீட்டிலும் அப்படித்தான் சிரித்தார்கள்.

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் கோவையில் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். ஏழு வருடமாக முனைவர் பட்டத்துக்கு முயன்றுகொண்டிருக்கிறேன். காற்றாலை இறக்கை மேல் காற்று எப்படிப் போகிறது என்பது என் ஆராய்ச்சி. கல்லூரியில் காற்றுச் சுரங்கம் என்று ஒன்று உண்டு. நீளமான பெட்டி, ஒரு முனையில் பெரிய விசிறி. அதற்குள் கண்ணாடி மாதிரி வழவழப்பான ஒரு குட்டி இறக்கையை வைத்துக் காற்றை விட்டு, ஐந்து வருடம் படம் எடுத்தேன். அழுக்குக்குப் பதிலாக உப்புத்தாள் ஒட்டியும் பார்த்தேன். ஆய்வேட்டைப் படித்த தேர்வாளர் ஒரே பத்தியில் திருப்பி அனுப்பிவிட்டார். உப்புத்தாள் அழுக்கு ஆகாது, மழையும் பனியும் புகையும் பட்ட நிஜ இறக்கையில், நிஜக் காற்றில் காட்டு என்பது அதன் சாரம். எரிச்சலாக இருந்தாலும் அவர் சொன்னது சரி. பதிவு இந்த டிசம்பரோடு முடிகிறது, இரண்டு முறை நீட்டித்தாயிற்று. பட்டம் இல்லாதவர்களை அடுத்த வருடம் வைத்துக்கொள்ள மாட்டோம் என்று கல்லூரி வாய்விட்டே சொல்லிவிட்டது. ஆக, என் வேலை இந்த அழுக்கில் இருந்தது.

காலை 7.20. மேட்டுப்பாளையம். கோவையிலிருந்து முப்பத்தைந்து கிலோமீட்டர். ஒரு டீ, ஒரு பன், இருபத்தைந்து ரூபாய். ஊட்டிக்குப் போகிறவர்கள் எல்லாம் ரயிலடிப் பக்கம் ஓட, நான் கோத்தகிரி பஸ்ஸில் ஏறினேன். முப்பத்துமூன்று கிலோமீட்டர் மலைப்பாதை. குஞ்சப்பனை தாண்டியதும் காதடைத்தது. அதற்கு மேல் பனி ஜன்னலுக்குள் வந்து போனது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் பச்சைத்தேயிலைக்கு விலையே இல்லை என்று கோத்தகிரி வரைக்கும் சொல்லிக்கொண்டு வந்தார். எனக்கு அதில் மனம் போகவில்லை. ஒவ்வொரு வளைவிலும் வெளியே கையை நீட்டிக் காற்று இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். தென்மேற்குக் காற்று ஓய்கிற நேரம் அது. இன்னும் ஒரு வாரம் அடித்தால் பெரிய விஷயம்.

இந்தக் கடைசி வாரத்துக்கு ஏன் வந்து விழுந்தேன் என்று கேட்கலாம். ஆடி மாதமே வந்திருக்க வேண்டியவள். கேமரா வாங்கக் கல்லூரியில் மூன்று கடையில் விலைப்புள்ளி கேட்டார்கள். மூன்றாவது கடைக்காரர் கையெழுத்துப் போட மறந்திருந்தார், மறுபடி முதலிலிருந்து. கேமரா கைக்கு வந்தபோது ஆடி, ஆவணி போய்ப் புரட்டாசியும் பாதி போயிருந்தது.

கேமராவுக்குக் காத்திருந்த நேரத்தில் ஒரு வேலையை மட்டும் முடித்து வைத்திருந்தேன். இரண்டு வாரத்துக்கு முன் வந்து இறக்கையில் நூல் ஒட்டிவிட்டுப் போயிருந்தேன். இது பழைய முறைதான். கம்பளி நூலை விரல் நீளத்துக்கு வெட்டி, ஒரு நுனியை மட்டும் டேப்பால் ஒட்ட வேண்டும். காற்று இறக்கையை ஒட்டி வழுக்கிக்கொண்டு போனால் நூல் படிந்து கிடக்கும். காற்று இறக்கையை விட்டுப் பிரிந்து சுழன்றால் நூல் எழும்பித் துடிக்கும், சில இடத்தில் எதிர்ப்பக்கம் திரும்பிப் படுக்கும். எந்த நூல் துடிக்கிறது என்று படம் எடுத்துவிட்டால், அழுக்கு எந்த இடத்தில் இறக்கையின் பலத்தைத் தின்கிறது என்று தெரிந்துவிடும். எண்பத்துநான்கு நூல் ஒட்டியிருந்தேன், முதுகு ஒடிந்துவிட்டது. கேமராவைப் பூட்டிப் படம் எடுப்பதுதான் பாக்கி.

காலை 9.15. கோத்தகிரி. அங்கிருந்து வேறு பஸ்ஸில் எட்டு கிலோமீட்டர், கட்டபெட்டு. குன்னூர் ரோடும் ஊட்டி ரோடும் பிரிகிற இடம். நாலு டீக்கடை, ஒரு பேக்கரி, உர மூட்டை அடுக்கிய கடைகள். எஸ்டேட்டுக்கு ஜீப்பில் இருநூறு ரூபாய். டிரைவர் என்னைப் போன தடவையே பார்த்தவர். பெரிய ஃபேனுக்குத்தானே போகிறீர்கள் என்று கேட்டார். காற்றாலைக்கு அங்கே அதுதான் பெயர். ரெண்டு நாளாக ஃபேன் நன்றாகச் சுற்றுகிறது என்று அவராகவே சொன்னார். காற்று இருக்கிறது என்று சந்தோஷப்பட்டேன், வேறெதுவும் தோன்றவில்லை.

காலை 10.30. எஸ்டேட். பெயர் வேண்டாம். ஃபேக்டரிக்கு மேலே, தேயிலைச் சரிவு முடிகிற மேட்டில் இருக்கிறது அந்தக் காற்றாலை. திருநெல்வேலிப் பக்கம் வரிசையாக நிற்கிற ராட்சச உயரம் இதற்குக் கிடையாது. அறுபதடிக் கம்பம், எட்டடி நீளத்தில் மூன்று இறக்கை. கம்பத்தைக் கைவின்ச் என்கிற கம்பிவட உருளையால் சுற்றிச் சுற்றித் தரைக்குச் சாய்த்துக்கொள்ளலாம். இதில் வருகிற கரண்டு பாட்டரியில் சேர்ந்து எஸ்டேட்டின் குழந்தைகள் காப்பகத்துக்கு மட்டும் போகிறது. தாய்மார்கள் கொழுந்து எடுக்கப் போன பிறகு கைக்குழந்தைகளை வைத்துக்கொள்கிற இடம். வெந்நீர், இரண்டு ஹீட்டர், விளக்கு, அவ்வளவுதான். விற்ற கம்பெனி சொன்ன கரண்டில் பாதிதான் வருகிறது என்று எஸ்டேட்டில் எப்போதும் புகார். ஃபேக்டரியில் இலை காய வைக்க விறகு எரிக்கிறார்கள். அந்தப் புகைக்கரி பனியோடு சேர்ந்து இறக்கையின் முன்விளிம்பில் ஒட்டி, அதன் மேல் பூச்சி, அதன் மேல் பாசி. தடவிப் பார்த்தால் பலாப்பழத் தோல் மாதிரி இருக்கும். இப்படி ஓர் இறக்கையைத் தேடி நான் இரண்டு வருடம் அலைந்திருக்கிறேன்.

ஜீப்பை விட்டு இறங்கி நிமிர்ந்து பார்த்தேன். மூன்று இறக்கையும் புதுப் பீங்கான் தட்டுப்போல வெள்ளையாகச் சுற்றிக்கொண்டிருந்தன.

கம்பத்தடியில் வாழைக்கன்று கட்டியிருந்தது. கண்ட்ரோல் பெட்டிக்குச் சந்தனம், குங்குமம். வின்ச் கைப்பிடியில் மாலை. காற்றாலையைப் பார்த்துக்கொள்கிற எலக்ட்ரீசியன் அருள்ராஜ் சிரித்த முகத்தோடு ஃபேக்டரியிலிருந்து ஏறி வந்தார். ஐம்பது வயதிருக்கும். ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிற கத்தோலிக்கர். ஆனால் எஸ்டேட்டில் ஆயுத பூஜை என்பது மெஷினின் பூஜை, யார் கையில் மெஷின் இருக்கிறதோ அவர்தான் பொட்டு வைக்க வேண்டும். ஃபேக்டரியின் ரோலர், டிரையர், டிராக்டர் எல்லாவற்றுக்கும் வைத்த பிறகு, தன் மெஷின் மட்டும் பொட்டில்லாமல் நிற்குமா என்று அவருக்கு. பொட்டு வைப்பதற்கு முன் கழுவ வேண்டும். இதைக்கூடவா சொல்லித் தர வேண்டும்.

"யார் கழுவினது?" என்றேன்.

"நாந்தானுங்க மேடம். ஃபேக்டரி ஆளுக நாலு பேரு கூட வந்தாங்க. கம்பத்தைச் சாச்சு, தேங்காநாருல சோப்புப் போட்டுத் தேச்சு, ரெண்டு தண்ணி அலசிட்டமுங்க. முன்னோரத்துக் கறை மட்டும் போகமாட்டேன்னுச்சு. மண்ணெண்ணெய் தொட்டு எடுத்தனுங்க."

நூல் எங்கே என்று மட்டும் கேட்டேன். அதற்காகவே காத்திருந்தவர்போல, கண்ட்ரோல் பெட்டிக்குள்ளிருந்து ஒரு எவர்சில்வர் டிபன் டப்பாவை எடுத்துத் திறந்து காட்டினார். எண்பத்துநான்கு நூல். ஒவ்வொன்றாகப் பிரித்து, அவற்றையும் அலசி, காய வைத்து, வரிசை வரிசையாக அடுக்கி வைத்திருந்தார்.

"எண்ணி வெச்சிருக்கனுங்க. ஒண்ணு கொறையாது," என்றார்.

கத்தினேன். என்ன கத்தினேன் என்பதை எழுத வெட்கமாக இருக்கிறது. அறிவு, படிப்பு என்றெல்லாம் வார்த்தை வந்தது. கீழே சரிவில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். அவர் டப்பாவை மூடாமல் கையில் வைத்தபடியே நின்றார். நான் நிறுத்திய பிறகு மெதுவாகச் சொன்னார்.

"நூலுக்கு ஒண்ணும் ஆகக் கூடாதுன்னு சொல்லிட்டுப் போனீங்க. அத நான் உடலீங்க. ஆனா நீங்க அந்த அழுக்கு மேலயே ஒட்டினீங்கல்ல, எங்களுக்கு ஒரு மாதிரி ஆயிப்போச்சுங்க. கோயமுத்தூருல இருந்து ஒரு டீச்சரம்மா வந்து உக்காந்து ஒட்டறாங்க, நாம இதத் தொடச்சுக்கூடக் குடுக்கலியேன்னு."

அவர் சொன்னதில் ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை. நூலைப் பற்றித்தான் நான் சொல்லியிருந்தேன். அழுக்குதான் எனக்கு வேண்டியது என்று யாரிடமும் சொல்லவில்லை. முதல் தடவை வந்தபோது எஸ்டேட் மேனேஜரிடம் விளக்க ஆரம்பித்தேன், அவர் கடிகாரத்தைப் பார்த்தார். மேனேஜருக்கே புரியாதது எலக்ட்ரீசியனுக்கு எங்கே புரியப் போகிறது என்று நானே முடிவு கட்டிவிட்டேன். நூல் கலையாமல் கம்பத்தை எப்படிச் சாய்ப்பது, வின்ச்சை எத்தனை சுற்றுச் சுற்றுவது என்பதையெல்லாம் நாள் முழுக்கச் சொல்லிக் கொடுத்தவள் நான். எதற்காக என்பதை மட்டும் சொல்லவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. புதன்கிழமை கல்லூரியில் ஆயுத பூஜை. எங்கள் காற்றுச் சுரங்கத்தைத் துடைத்து, உள்ளிருந்த குட்டி இறக்கைக்குச் சந்தனம் வைத்துக் கொடுத்ததே நான்தான். மாணவர்களோடு சேர்ந்து பொரி சாப்பிட்டேன். அதே நேரம் இங்கே என்ன நடக்கும் என்று பொரியை மெல்லும்போது ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம். ஏழு வருடம் படித்த தலைக்குள் அது வரவில்லை.

மதியம் 12.40. எஸ்டேட் விருந்தினர் அறை, ஒரு நாளைக்கு நானூறு ரூபாய், வெந்நீர் தனியாகக் கேட்டால் வரும். என் வழிகாட்டிப் பேராசிரியரைப் போனில் பிடித்துச் சொன்னேன். அவர் திட்டவில்லை, அதுவே பயமாக இருந்தது. ஃபேக்டரியில் கரி கிடைக்காதா என்று கேட்டார். கொஞ்சம் கரி, கொஞ்சம் கிரீஸ், தேயிலைத் தூசி, பூசிவிட்டு எடு, யாருக்குத் தெரியப் போகிறது என்றார்.

மதியம் 2.10. ஃபேக்டரி உலைக்குப் பின்னால் கரி கொட்டுகிற இடம். ஒரு பேப்பரில் அள்ளிக்கொண்டு மேட்டுக்கு ஏறினேன். அருள்ராஜை அழைத்துக் கம்பத்தைச் சாய்க்கச் சொன்னேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. கரியைத் தண்ணீரில் குழைத்து இறக்கையின் முன்விளிம்பில் இரண்டடி நீளத்துக்குத் தடவினேன். பத்து நிமிடத்தில் பனி இறங்கியது, கரி கண்மை மாதிரி வழிந்து கீழே சொட்டியது. இரண்டு மழைக்காலம் செய்த வேலையை ஒரு மதியத்தில் செய்ய முடியவில்லை. நேர்மையினால் நிறுத்தினேன் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. ஒட்டவில்லை, அதனால் நிறுத்தினேன். அருள்ராஜ் ஒரு துணியை நனைத்துக் கொண்டு வந்து, இறக்கையையும் பிறகு என் கையையும் துடைக்கக் கொடுத்தார். அப்போதுதான் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அழுக்கு, நூல், தேர்வாளர், டிசம்பர், வேலை. அரை மணி நேரம் ஆயிற்று. அவருக்கு எல்லாமே புரிந்தது. நடுவில் அவர் கேட்ட ஒரு கேள்வி, இறக்கையின் அடிப்பக்கத்தில் படிந்த அழுக்கும் நுனியில் படிந்த அழுக்கும் ஒரே அளவுக்குக் கெடுக்குமா என்பது. அது என் ஆய்வேட்டின் நான்காம் அத்தியாயம்.

சனிக்கிழமை, காலை 8.00. வந்ததற்குக் கழுவிய இறக்கையிலாவது படம் எடுத்துப் போகலாம் என்று தோன்றியது. அருள்ராஜும் நானும் உட்கார்ந்து எண்பத்துநான்கு நூலையும் மறுபடி ஒட்டினோம். அவர் ஒட்டியது என்னுடையதைவிட நேராக இருந்தது. அவர் வீட்டிலிருந்து ராகிக் களியும் அவரைக்காய்க் குழம்பும் வந்தது. முந்தின நாள் அவ்வளவு பேசியவளுக்கு எதற்குச் சோறு என்று யாரும் நினைத்ததாகத் தெரியவில்லை, அது இன்னும் சங்கடமாக இருந்தது.

காலை 10.20. கம்பம் நிமிர்ந்தது. காற்று நொடிக்கு ஏழு மீட்டர், நன்றாகவே அடித்தது. கேமரா இறக்கையோடு சேர்ந்து சுற்றிச் சுற்றி இருபது நிமிடம் படம் பிடித்தது. இறக்கிப் போட்டுப் பார்த்தோம். அடிப்பக்கத்தில் நாலைந்து நூல் மட்டும் லேசாகத் துடித்தது. மற்றது எல்லாம் எண்ணெய் வைத்து வாரிய தலைமுடி மாதிரி அப்படியே படிந்து கிடந்தது. பாடப்புத்தகத்தில் போட்டிருக்கிற படம் நேரில் அப்படியே. நிஜக் காற்றில் அதைப் பார்க்கிறோம் என்று ஒரு நிமிடம் மெய்மறந்துதான் போனேன். பிறகு இதை வைத்து என்ன செய்வது என்று தோன்றியது. சுத்தமான இறக்கையில் காற்று ஒட்டிப்போகும் என்பது ஊருக்கே தெரியும். அழுக்கான இறக்கையின் படம் பக்கத்தில் இருந்தால்தான் இதற்கு மதிப்பு. அந்தப் படம் மண்ணெண்ணெயோடு போயிற்று.

காலை 11.30. பாட்டரியில் ஏறுகிற கரண்டையும் அந்த நேரத்துக் காற்றையும் தினமும் மூன்று வேளை ஒரு நோட்டில் எழுதி வைப்பது அருள்ராஜின் வழக்கம். யாரும் கேட்டதில்லை, யாரும் பார்த்ததுமில்லை. அதை என்னிடம் நீட்டினார். கழுவிய நாளிலிருந்து கரண்டு ஏறியிருந்தது. கொஞ்சநஞ்சம் இல்லை. அதே காற்றுக்கு முன்பு வந்ததைப்போல ஒன்றரை மடங்குக்கு மேல். இருநூறு பக்கத்தில் நான் நிரூபிக்க நினைத்ததை ஒரு தேங்காய்நார் நிரூபித்துவிட்டது. ஆனால் தேர்வாளர் கேட்டது கரண்டை அல்ல, காற்றின் பாதையை. அதை ஒரு நோட்டு காட்டாது.

மதியம் 12.15. குழந்தைகள் காப்பகத்தைப் பார்த்துவிட்டுப் போங்கள் என்று அருள்ராஜ் அழைத்தார். ஓட்டுக் கட்டடம், ஒரே அறை. ஒன்பது குழந்தைகள், பாதி தொட்டிலில். உள்ளே நுழைந்ததும் முதலில் தெரிந்தது கதகதப்பு. காப்பகத்தைப் பார்த்துக்கொள்கிற லட்சுமியம்மாளுக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். சின்ன வயதில் இலங்கையின் கண்டியிலிருந்து குடும்பத்தோடு கப்பலில் வந்தவர். காப்பகத்தை அவர் இன்னும் பிள்ளை மடுவம் என்றும், மேடத்தை நோனா என்றும்தான் சொல்கிறார். நான்தான் ஃபேனை நன்றாக ஓட வைத்த டீச்சர் என்று யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"முந்தியெல்லாம் பகல் ஒரு மணிக்கே கரண்டு நின்னுரும் நோனா. அப்புறம் வெறகு அடுப்புதான். இந்த ஒரு அறைக்குள்ள பொகை சுத்திக்கிட்டே நிக்கும், பிள்ளைங்க இருமிக்கிட்டே கெடக்கும். இப்ப மூணு நாளா அந்தி வரைக்கும் சுடுதண்ணி வருது. அடுப்பே பத்த வைக்கல."

மூலையில் அந்த அடுப்பு இருந்தது. அதற்கு மேலே சுவர் கூரை வரைக்கும் கறுத்திருந்தது. நான் ஒன்றும் செய்யவில்லை, அருள்ராஜ்தான் செய்தார் என்று சொல்லியிருக்க வேண்டும். அவர் என் பக்கத்திலேயே நின்றார், அவரும் சொல்லவில்லை. ஒரு குழந்தை என் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தது. அதை விடுவித்துக்கொண்டு வெளியே வந்தேன்.

மதியம் 1.30. மறுபடி பேராசிரியர். இந்த முறை அவர் குரலில் உற்சாகம். விசாரித்திருக்கிறார், விசேஷ அனுமதியில் இன்னும் ஒரு வருடம் வாங்கலாமாம். கல்லூரி நிர்வாகத்திடமும் அவரே பேசிவிட்டார், ஒரு வருடம் பொறுப்பார்கள். ஒரே ஒரு நிபந்தனை. அடுத்த ஆடிக்குள் அந்த இறக்கையில் பழையபடி அழுக்குப் படிந்திருக்க வேண்டும். வேறு இடம் தேட நேரமில்லை.

"அவங்க யாரும் அதுல கை வைக்காம பாத்துக்கம்மா. அவ்வளவுதான் உன் வேலை," என்றார்.

ஒரு மழைக்காலம் முழுசாகப் போனால் போதும், முன்விளிம்பில் கரகரப்பு வந்துவிடும் என்று அருள்ராஜ் முந்தின நாளே சொல்லியிருந்தார். ஆக, நடக்கக்கூடிய காரியம்தான். பெட்டியைக் கட்டும்போது கணக்குப் பார்க்கவே வேண்டியிருக்கவில்லை. மாதம் ஒரு முறை அவர் கம்பத்தைச் சாய்த்துத் தேங்காய்நார் போட்டால் அந்த அறை அந்தி வரைக்கும் கதகதப்பாக இருக்கும். போடாவிட்டால் எனக்குப் பட்டமும் வேலையும் இருக்கும். யாரையும் குறை சொல்ல முடியாத ஒரு விஷயம் இது. கல்லூரி, மேனேஜர், மூன்றாவது கடைக்காரர் என்று ஏழு வருடமாக நான் திட்டுவதற்கு ஆள் இருந்தது. இப்போது ஒருவரும் இல்லை.

மாலை 3.25. கட்டபெட்டு. ஜீப்புக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கொழுந்து ஏற்றிப் போகிற டிராக்டரில் அருள்ராஜ் என்னைக் கொண்டுவந்து விட்டார். கேமராப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். பேக்கரி வாசலில் இரண்டு டீ, இருபத்துநான்கு ரூபாய், அவர்தான் கொடுத்தார். கோவையில் எங்கள் வீட்டுக் குளியலறையில் சுவரில் ஒரு சுவிட்சு இருக்கிறது. அதைத் தட்டிவிட்டுப் பல் தேய்த்து முடிப்பதற்குள் வெந்நீர் வந்துவிடும். அந்தக் கரண்டு எங்கிருந்து வருகிறது என்று காற்றாலையைப் படிக்கிற நான் ஒரு நாளும் நினைத்துப் பார்த்ததில்லை.

இனி மாதாமாதம் கழுவலாம் என்று இருக்கிறேன், எந்த சோப்பு நல்லது என்று அவர்தான் பேச்சை ஆரம்பித்தார். நான் டீயைக் கீழே வைத்தேன். அடுத்த வருடம் மறுபடி வருவேன் என்றேன். அதுவரை இறக்கையைக் கழுவ வேண்டாம் என்றேன். குரல் சாதாரணமாகத்தான் வந்தது. குழந்தைகள் காப்பகத்தைப் பற்றி நான் ஒன்றும் பேசவில்லை. அவருக்குத் தெரியாமல் இல்லை, நோட்டு அவருடையது.

அவர் மிச்ச டீயைக் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு தலையாட்டினார்.

"சரிங்க மேடம், யாரையும் தொட உடமாட்டனுங்க. மத்தியானத்துக்கு மேல அடுப்புப் பத்த வெச்சுக்குவாங்க. முந்தி அப்படித்தான இருந்துச்சு. உங்க படிப்பு முடியோணுமில்லீங்களா."

கோத்தகிரி பஸ் வந்தது. பெட்டியை ஏற்றிக் கொடுத்துவிட்டு ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றார். டிரைவர் டீ குடிக்க இறங்கிப் போயிருந்தார். வேண்டாம், கழுவிவிடுங்கள், அந்தக் குழந்தைகளைப் புகையில் விட வேண்டாம் என்று ஜன்னல் வழியாகவே சொல்லியிருக்கலாம். பஸ் கிளம்ப ஐந்து நிமிடம் இருந்தது. நான் சொல்லவில்லை.